நாட்டை வெட்டிய தேடல்

அப்பாவின் கவிதை ஒன்று அச்சில் வந்தது என்பதை எங்கள் வீட்டில் நம்பியது இரண்டே பேர். ஒன்று அப்பா, இன்னொன்று அவர் மகள் நான்.

கல்யாணத்துக்கு முன்பு, மலையில் எங்கள் பக்கம் முதன்முதலாகக் கரண்டு வந்ததைப் பற்றி எழுதினாராம். ஒரு மாதப் பத்திரிகை போட்டதாம். வந்த பிரதியைக் கரையான் தின்றுவிட்டது. அது போதாதா அம்மாவின் தம்பிக்கு? விசேஷ வீடென்றால் பந்தியிலேயே ஆரம்பித்துவிடுவார்.

“மொதல்ல கவிஞருக்கு எலையப் போடுங்க. கரையான் படிச்ச ஒரே கவிஞருங்க எங்க மச்சான்.”

பந்தியே சிரிக்கும். அப்பா இலையைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஒரு பொங்கலன்று பொறுக்க முடியாமல், “அச்சோட கொண்டாரேன் மாமா, பாத்துக்கிட்டே இருங்க” என்று சொல்லிவிட்டேன்.

எல்லாம் ஒரு தைரியம்தான். இரண்டாயிரத்தை ஒட்டிய வருடங்கள் அவை. திருச்சியில் நான் எம்.ஏ. படித்த கல்லூரி நூலகத்தில், பழைய பத்திரிகைக் கவிதைகளின் தலைப்பு, பொருள், எழுதியவர் பெயர் எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் ஏற்றியிருந்தார்கள். அப்பாவுக்குத் தலைப்பு நினைவில்லை. புனைபெயரில் எழுதியதாகச் சொன்னார். என்ன பெயர் என்று கேட்டால், “அது மறந்துபோச்சு கண்ணு” என்று மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டார்.

தமிழை ஆங்கில எழுத்தில் தட்டினால்தான் அந்த இயந்திரம் ஏற்கும். மலை என்று தட்டினேன். மாலையும் கூடவே வந்தது, யாரோ ழகரத்தை விழுங்கிய மழையும் வந்தது. மின்சாரம் என்றால் காதலியின் கண்கள். ‘நம்ம நாட்டுக்குக் கரண்டு வந்தத எழுதினேன்’ என்று அப்பா சொன்னாரே என்று நாடு போட்டேன். கொடியும் தியாகமுமாகத் திரை நிறைந்தது. எரிச்சலில், பொருள் தேசபக்தி என்றிருப்பவை நீங்கலாக என்று ஆங்கில ‘நாட்’ (NOT) போட்டுத் தேடினேன். ஒன்றுமே இல்லை. மாமா ஜெயித்துவிடுவாரோ என்று பயம் வந்தது.

அந்த வாரம் ஊருக்கு பஸ் ஏறினேன். கொண்டை ஊசி வளைவில் பக்கத்து சீட்டு அம்மா கேட்டார்: “எந்த நாடு கண்ணு நீ?”

“குண்டூர் நாடுங்க. நீங்க?”

“நானு திண்ணனூர் நாடு.”

முன் சீட்டில் இருந்த மிளகு வியாபாரி, மலைக்குக் கீழே சமவெளிக்காரர், திரும்பிப் பார்த்தார். “ஏனுங்க, ஆளுக்கொரு நாடு சொல்றீங்க. பாஸ்போர்ட் வெச்சிருக்கீங்களா?”

பஸ் சிரித்தது. எனக்கு அப்போதுதான் உறைத்தது. எங்களுக்கு நாடு என்றால் நாலைந்து ஊர் சேர்ந்த பக்கம். கீழே இருப்பவருக்கு அது இந்தியா. நூலகத்தில் அப்பாவின் கவிதையைப் பொருள் பிரித்தவரும் கீழேதானே இருந்திருப்பார், நாடு என்றதும் தேசபக்தியில் சேர்த்திருப்பார்? ‘நாட்’ போட்டு எங்கள் நாட்டையே வெட்டி எறிந்திருக்கிறேன், மலையில் பிறந்த நான்.

திங்கட்கிழமை நூலகம் திறக்கும்போதே வாசலில் நின்றேன். பொருள்: தேசபக்தி. தலைப்பில்: நாடு. விடுதலை, கொடி இரண்டும் நீங்கலாக. பட்டியல் சுருங்கியது. அதில் ஒரு தலைப்பு, ‘விடிந்தது எங்கள் நாடு’. எழுதியவர் பெயருக்கு நேராக என் பெயர் இருந்தது.

என் நூலக அட்டையைப் பார்த்து இயந்திரம் உளறுகிறது என்றுதான் நினைத்தேன். பைண்டு செய்த பத்திரிகையை வாங்கிப் புரட்டினால், நான் பிறப்பதற்கு முந்தைய இதழ். கவிதையில் கம்பம் நட்டார்கள், கம்பி இழுத்தார்கள், குண்டூர் நாட்டில் ஒரு பல்பு எரிந்தது. அடியில் என் பெயர். எழுதியவர் கட்டத்தில் அதைத் தட்டியிருந்தால் முதல் நாளே கிடைத்திருக்கும். நூலகம் என்றும் பாராமல் வாய்விட்டுச் சிரித்தேன். கண்ணும் கலங்கியது.

நகலை நீட்டியபோது அப்பா நெளிந்தார். “பொம்பளப் பேருன்னு உங்க மாமன் இன்னுஞ் சிரிப்பான்னு சொல்லல கண்ணு. நல்ல பேரு, வீணாப் போவ வேண்டாம்னு உனக்கு வெச்சேன்.”

அடுத்த விசேஷத்தில் மாமாவின் கையில் கொடுத்தேன். படித்தார். பெயரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். மறுபடி முதலிலிருந்து படித்தார். பிறகு தாளை மடித்துத் தன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

“இது எங்கிட்டயே இருக்கட்டும் மச்சான். உங்க ஊட்டுல கரையான் ஜாஸ்தி.”