டாரத்தி ஆன்ட்டியின் லைட்

அக்கா மகளின் கல்யாணம். "பொண்ணுக்கு இன்னும் கொஞ்சம் பவுடர் போடுங்க மேடம்" என்றார் போட்டோகிராபர். டப்பாவைத் திறந்ததும் எழுந்த வாசனையில் எனக்கு மறுபடி ஒன்பது வயது.

அமெரிக்காவில், ஈஸ்ட் பிரன்ஸ்விக்கில் எடுத்த என் ஸ்கூல் போட்டோக்களில் என் கறுத்த முகம் இருட்டாகி, பல் மட்டும்தான் தெரியும். அதனால் அம்மா எனக்குக் கழுத்துவரை பவுடர் அப்பி, டாரத்தி ஆன்ட்டியின் ஸ்டுடியோவுக்குக் கூட்டிப்போனாள். ஆன்ட்டி கறுப்பினப் பெண்மணி. அவர் எடுத்த படங்களில் அவருடைய இனத்தவர் பட்டமளிப்பு அங்கியிலும் சர்ச் தொப்பியிலும் சுவரெங்கும் ஜொலித்தார்கள்.

ஆன்ட்டி ஈரத்துணியால் என் முகத்தைத் துடைத்தார். "இந்த நிறத்துக்கு லைட் வைக்கத்தான் கடையே போட்டேன்" என்றார் இங்கிலீஷில்.

போலராய்டில் வந்த என் முகத்தை அம்மா வெகுநேரம் பார்த்தாள். பிறகு பாத்ரூம் போய்த் தன் பவுடரையும் கழுவிவிட்டு வந்து, ஸ்டூலில் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"மீ ஆல்ஸோ."

கல்யாணப் பெண்ணுக்குப் போடாமலே பவுடர் டப்பாவை மூடினேன்.

"முதல்ல உங்க லைட்டை மாத்துங்க சார்" என்றேன்.