நாலாவது பிளக்கைக் கழற்றியது யார்?

என் சாச்சா ஒரு பொய்யர் என்று பத்து வயதில் நான் எடுத்த முடிவை மாற்றிக்கொள்ள எனக்கு இருபது வருஷத்துக்கு மேல் ஆயிற்று. இப்போதும்கூடப் பாதி ஆத்திரம் அப்படியேதான் இருக்கிறது. நியாயம் என் பக்கம் இருந்ததே, அதை என்ன செய்வது?

சைகோனில் பழைய ஆட்சி போய்க் கம்யூனிஸ்ட் ஆட்சி வந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. டோங் டு தெருப் பள்ளிவாசலுக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்தோம். காரைக்காலுக்குத் திரும்பாமல் மிஞ்சிப்போன குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. வாப்பாவின் ஜவுளிக்கடை மூடிக் கிடந்தது. வாப்பாவின் தம்பியான சாச்சா, கடற்கரை ஊரான வுங் டாவுக்கு ஆளேற்றி ஓட்டிய பழைய ஜப்பான் வேன்தான் வீட்டில் ஒன்பது பேருக்கும் சோறு போட்டது.

அந்த வேனின் எஞ்சினை முன் சீட்டுக்கு அடியில் கொண்டுபோய் வைத்த மகராசன் எவனோ, அவன் என் கையில் கிடைத்தால் நாலு கேள்வி கேட்பேன். சீட்டைத் தூக்கினால் மூன்று ஸ்பார்க் பிளக் கண்ணுக்குத் தெரியும். நாலாவது, ஒரு குழாய்க்கு அடியில், தகரச் சுவரை ஒட்டிப் பதுங்கியிருக்கும். பார்க்கவும் முடியாது, கையும் போகாது. முதலில் கெடுவதும் அதுதான்! அது கெட்டால் வேன் இருமி இருமி நடுவழியில் நின்றுவிடும். புது பிளக் லேசில் கிடைக்காத காலம் அது. பழையதையே கழற்றி, கரியைச் சுரண்டித் தேய்த்து, மறுபடி போட வேண்டும். எப்போதாவது யாராவது வெளிநாட்டிலிருந்து புதிது அனுப்பினால் அன்றைக்கு எங்களுக்குப் பெருநாள்.

அந்த வேலையைச் செய்தது சாச்சி. சாச்சி வியட்நாம்காரர். சாச்சாவைக் கட்டிக்கொண்டு, கலிமா சொல்லி முஸ்லிமாகி, உம்மாவிடம் எங்கள் தமிழைக் கற்றுக்கொண்டவர். வேன் நிற்கும் முன்கட்டின் வெளிக்கதவைத் தாழ் போட்டுவிட்டு, வேனுக்குள் குப்புறப் படுத்து, மெலிந்த கையைத் தோள்வரை உள்ளே விடுவார். கண்ணை மூடிக்கொள்வார். விரல்தான் பார்க்கும். கழற்றிய பிளக்கின் நுனியில் இருக்கும் இடைவெளியை ஒரே நோட்டத்தில் அளந்து, லேசாகத் தட்டிச் சரிசெய்வார். திரும்பப் போடும்போது பிளக்கின் தலையில் ஒரு துண்டு ரப்பர் குழாயை மாட்டி, குழாயைத் திருகியே பிளக்கை மரையில் ஏற்றிவிடுவார். பிறகுதான் ஸ்பானர். அரைமணி நேரத்தில் வேலை முடிந்துவிடும். நான் பக்கத்தில் உட்கார்ந்து வாய் பிளந்து பார்ப்பேன்.

அப்புறம் நடப்பதுதான் அநியாயம். சாச்சி சோப்புப் போட்டு நகக்கண் வரை தேய்த்துக் கழுவிக்கொண்டு அடுப்படிக்குப் போய்விடுவார். சாச்சா எஞ்சின் கரியை எடுத்து முழங்கைவரை பூசிக்கொண்டு, கதவை அகலத் திறந்து வைத்து, தெருவில் போகிறவர்கள் பார்க்கும்படி உட்காருவார். நெற்றியில் வேறு ஒரு தீற்றல்!

"அப்பப்பா, உசுரு போயிடுச்சு புள்ள. ஒரு காப்பி கொண்டா" என்பார், கொஞ்சமும் கூசாமல். சாச்சியும் தலையைக் குனிந்துகொண்டு காப்பி கொண்டுவந்து வைப்பார்.

ஒருநாள் காலையில் வேன் நிறைய ஆள் ஏறியாகிவிட்டது. எங்கள் வட்டார அலுவலகத்தில் குடும்பப் பதிவேட்டை வைத்திருந்த மனிதர் முன் சீட்டில் இருந்தார். மெதுவாகப் பேசுகிறவர், குழந்தைகளுக்கு மிட்டாய் தருகிறவர். "எஞ்சின் இவ்வளவு அமைதியாக ஓடுகிறதே, அந்த நாலாவது பிளக்கை எப்படித்தான் கழற்றுகிறீர்கள்?" என்று வியட்நாம் மொழியில் கேட்டார். சாச்சா மீசையைத் தடவிக்கொண்டு, "எல்லாம் கைப்பழக்கம்தான்" என்றார்.

வாசலில் நின்ற என்னால் பொறுக்க முடியவில்லை. "பொய்! கழற்றினது சாச்சி! இவர் கை உள்ளேயே போகாது!" என்று அதே மொழியில் கத்திவிட்டேன்.

வேனே சிரித்தது. அந்த மனிதர் மட்டும் ஜன்னல் வழியாகக் குனிந்து, "அப்படியா கண்ணு? எங்கே கற்றுக்கொண்டாராம்?" என்று அன்பாகக் கேட்டார். தெரியாது என்றேன். அதற்குள் சாச்சா இறங்கி வந்து என் காதைத் திருகினார். "இது வாயைத் திறந்தாலே பொய்தான்" என்று எல்லோருக்கும் கேட்கச் சொல்லிவிட்டு, சாச்சியைக் கூப்பிட்டார். சாச்சி ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். என் முகத்தைப் பார்த்தபடியே, "நானா? பிளக் எந்தப் பக்கம் இருக்கும் என்றுகூட எனக்குத் தெரியாதே" என்று பச்சையாகப் புளுகினார்.

அத்தோடு விட்டார்களா? அத்தனை பேர் முன்னால் நான் பொய் சொன்னேன் என்று என் வாயாலேயே சொல்லவைத்தார்கள். அன்று முழுக்க நான் சாப்பிடவில்லை.

பழைய ஆட்சியின் ராணுவத்தில் வண்டி பழுதுபார்க்கும் பட்டறையில் சாச்சி ஆறு வருஷம் வேலை பார்த்தவர் என்று எனக்குக் கல்யாணமாகிப் பிள்ளை பிறந்த பிறகுதான் உம்மா சொன்னார். அந்த ராணுவத்தில் இருந்தவர்களைத் திருத்துகிறோம் என்று சொல்லிச் சிறை முகாமுக்குக் கூப்பிட்டுக்கொண்டிருந்த காலம் அது. மறைத்தவர்கள் கதி அதைவிட மோசம். பதிவேட்டில் சாச்சியைத் தையற்காரி என்று எழுதியிருந்தார்கள். அந்தச் சம்பவத்துக்குப் பிறகு சாச்சி வேன் பக்கமே போகவில்லை. சாச்சாதான் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, கையெல்லாம் சிராய்த்து ரத்தம் வர, அரை நாள் மல்லுக்கட்டி அந்தப் பாழாய்ப்போன பிளக்கைக் கழற்றினார். இதெல்லாம் எனக்கு அன்றைக்கு யார் சொன்னார்கள்?

அன்று சாயங்காலம் மக்ரிப் தொழுகை முடிந்ததும் சாச்சி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். நான் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன்.

"அந்த ஆளு உங்கிட்ட என்ன கேட்டாரு?"

"எங்க கத்துக்கிட்டீங்கன்னு."

"நீ என்ன சொன்ன?"

"தெரியாதுன்னேன்."

"வேற ஒண்ணும் சொல்லலியே?"

"இல்ல."

சாச்சி என்னை இழுத்து இறுக்கிக் கட்டிக்கொண்டார். அவர் உடம்பு வெடவெடவென்று நடுங்கியது. அழவும் செய்தார். செய்த தப்பு உறைத்துவிட்டது, அதுதான் இப்படி அழுகிறார் என்று நினைத்தேன். எனக்கே பாவமாகப் போய்விட்டது.

"சரி சரி, அழாதீங்க சாச்சி" என்று முதுகில் தட்டிக்கொடுத்தேன். "இந்த ஒரு தடவ மன்னிச்சிட்டேன்."