சிவப்புப் பென்சிலும் தகர டப்பாவும்

ஒன்பது வயதில் எனக்கு வராத வியாதி கிடையாது. திங்கட்கிழமை முழங்கால் முறியும், செவ்வாய்க்கிழமை மண்டை உடையும், புதன்கிழமை கொதிக்கிற பால் கையில் கொட்டிவிடும். எல்லாம் சாயங்காலம் நாலரைக்கு மேல்தான். பள்ளிக்கூடம் விட்டு, முகம் கழுவி, பொரிகடலை தின்ற பிறகு.

அப்போது கோயமுத்தூரில் சின்னம்மா வீட்டில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தேன். சிறுவாணித் தண்ணீர் குழாயில் வரத் தொடங்கிய புதிது. சின்னம்மா சென்னைக்குப் போய் நர்ஸ் படிப்புப் படித்தவர். பிரசவம் பார்க்கவும் பிள்ளை வளர்ப்புக்கு யோசனை சொல்லவும் கிராமத்துப் பெண்களைப் பழக்கும் வகுப்பில் அவர்தான் ஆசிரியை. படித்தவர்கள் எட்டுப் பேர். கட்டுப்போட்டுப் பழக அவர்களுக்கு ஓர் உடம்பு வேண்டுமே, அது என்னுடையது. அந்தப் பெருமையில் என் கால் தரையில் பாவவில்லை.

எட்டுப் பேரில் காங்கேயத்து அக்கா என்றால் எனக்கு உயிர். கட்டு இறுகினால் நான் முகம் சுளிப்பதற்குள் தளர்த்திவிடுவார். புருஷன் காய்ச்சலில் போய்விட, மகளை அண்ணன் வீட்டில் விட்டுவிட்டு வந்திருந்தார். பரீட்சையில் தேறினால் வேலை; வேலை கிடைத்தால் மகளைத் தன்னோடு வைத்துக்கொள்ளலாம். தேறாவிட்டால் அண்ணன் வீட்டு அடுப்படிதான். போன தடவை படித்தவர்களில் பாதிப் பேர் தேறாமல் ஊர் திரும்பினார்கள் என்பது எல்லாருக்கும் தெரியும். யாரும் அந்தப் பேச்சை மட்டும் எடுக்கமாட்டார்கள்.

சின்னம்மாவுக்குத் தொழில் தெரியும், பொறுமைதான் தெரியாது. நோட்டுகளை வாங்கிச் சிவப்புப் பென்சிலால் 'தப்பு, மறுபடி எழுது' என்று கிறுக்கிக் கொடுத்துவிடுவார். பிறந்த குழந்தையைக் குளிப்பாட்டும் முறையைக் காங்கேயத்து அக்கா நாலு தடவை எழுதினார். நாலு தடவையும் தப்பு. கையெழுத்துத்தான் சரியில்லை போலிருக்கிறது என்று அவராகவே முடிவுகட்டி, மூன்றாம் தடவை ஓரத்தில் கோடு போட்டு எழுதினார். நாலாம் தடவை தலைப்பில் பிள்ளையார் சுழியும் சேர்த்தார். முத்து முத்தாக இருந்தது. அதுவும் தப்பாகத்தான் திரும்பி வந்தது.

பரீட்சை நெருங்கியது. சின்னம்மாவுக்கும் பயம் வந்துவிட்டது என்று நினைக்கிறேன். ஒரு பிஸ்கட் டப்பாவின் மூடியில் ஓட்டை போட்டு மேசைமேல் வைத்தார். என் பாடத்தில் என்ன குறை என்று எழுதிப் போடுங்கள், பேர் வேண்டாம், யாரையும் கோபிக்கமாட்டேன் என்றார். எட்டுச் சீட்டும் ஒரே நாளில் விழுந்தன. அன்று எனக்குத் தொடை எலும்பு முறிந்திருந்ததால் அங்கேயே படுத்தபடி எல்லாம் பார்த்தேன். 'எல்லாம் நல்லாருக்குதுங்க.' 'குறை ஒண்ணுமில்லீங்க.' ஒரு சீட்டில் 'நீங்க நூறு வருசம் நல்லா இருக்கோணுங்க' என்று வாழ்த்தே வந்திருந்தது. எங்கள் பக்கத்து மரியாதை அப்படி. டப்பாவுக்கும் 'ங்க' போட்டுத்தான் பேசுவோம்.

பெண்கள் போன பிறகு சின்னம்மா சீட்டுகளை இன்னொரு தடவை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தார்.

"ஒருத்திக்குக்கூடக் குறையில்லையாமா, கண்ணு. அப்புறம் ஏன் போன தடவ பாதிப் பேரு அழுதுட்டு ஊருக்குப் போனாங்க?"

எனக்குப் பாவமாக இருந்தது. சின்னம்மா கலங்கி அதுவரை நான் பார்த்ததில்லை.

மறுநாள் காங்கேயத்து அக்கா என் கணுக்காலுக்குக் கட்டுப்போட்டார். போடும்போதே மெதுவாகச் சொன்னார்.

"தப்பு தப்புன்னே எழுதறாங்க, அம்மணி. எது தப்புன்னு ஒரு வார்த்தை எழுதினாத் திருத்திப்போட மாட்டனா?"

அதை டப்பாவில் போட்டிருக்கலாமே என்றேன். சொல்லிக்கொடுப்பவர்களைப் போய் யாராவது குறை எழுதுவார்களா என்று என்னையே கேட்டார்.

"உங்க சின்னம்மாகிட்டச் சொல்லிப்போடாதே, கண்ணு," என்றார். முடிச்சுப் போட்டு முடித்தபின் இன்னொரு தடவையும் சொன்னார்.

அடுத்த நாள் தலைக்கட்டு. போட்டது உடுமலைப்பேட்டைப் பெண். நோயாளி முன்னால் சின்னம்மா அதட்டினால் தனக்குக் கை உதறுகிறது என்றாள். அவளும் சொல்லாதே என்றாள். இரண்டு ரகசியத்தையும் வைத்துக்கொண்டு எனக்குச் சோறு இறங்கவில்லை.

அதற்கடுத்த நாள் காலையில் சின்னம்மா எனக்குச் சடை பின்னிக்கொண்டிருந்தார். பின்னால் இருப்பவருக்கு என் முகம் தெரியாது என்ற தைரியத்தில் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். பின்னிய கை நின்றது. யார் சொன்னது என்று அவர் கேட்கவில்லை. எழுந்து போய் நோட்டுகளை எடுத்து வைத்துக்கொண்டார். அன்று ஒரு பக்கம் சடையும் மறுபக்கம் விரித்த தலையுமாகப் பள்ளிக்கூடம் போனேன்.

சாயங்காலம் அக்காவின் நோட்டில் சிவப்பு எழுத்து நீளமாக இருந்தது. செய்யவேண்டியது எல்லாம் எழுதியிருக்கிறாய். ஆனால் கை கழுவுவது ஏழாம் வரியில் வருகிறது, அது முதல் வரிக்கு வரவேண்டும், ஏன் என்று யோசி. அக்கா படித்துவிட்டுச் சிரித்தார், கண்ணையும் துடைத்துக்கொண்டார். சின்னம்மா இன்னொன்றும் சொன்னார்: "நான் எழுதினது வெளங்கலீன்னா வாயால சொல்லவேண்டாம். பக்கத்துல ஒரு சுழி போடுங்க, போதும்." சுழி போட யாருக்கும் கூச்சமில்லை. மறுநாள் வந்த நோட்டுகளில் பக்கத்துக்குப் பத்துச் சுழி. ஒவ்வொன்றுக்கும் சின்னம்மா திரும்ப விளக்கி எழுதினார், அதட்டவும் மறந்துபோனார்.

சென்னையிலிருந்து டாக்டரம்மா வந்து பரீட்சை வைத்தார். அக்கா தேறிவிட்டார். அடுத்த வாரம் மகளைக் கையில் பிடித்துக்கொண்டு காங்கேயம் பஸ்ஸில் வந்து இறங்கினார். வாக்குத் தவறியவள் நான். என்ன கேட்பாரோ என்று அலமாரிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். கண்டுபிடித்து வெளியே இழுத்தார்.

"சொல்லாதேன்னு ரெண்டு தடவ சொன்னனே, அம்மணி," என்று சொல்லி என் கை நிறைய எள்ளுருண்டை வைத்தார். என்னை மன்னித்துவிட்டார் என்று நினைத்தேன்.

அதற்குப் பிறகு வந்த வகுப்புகளிலும் பெண்கள் எனக்குக் கட்டுப்போடும்போது மனக்குறையைச் சொல்லிவிட்டுச் சொல்லாதே என்பார்கள். மறுநாள் சடை பின்னும்போது சின்னம்மா, "நேத்து யாரு கண்ணு கட்டுப் போட்டாங்க?" என்று மட்டும் கேட்பார். என் வாய் நிற்காது. சொல்லாதே என்றவர்களுக்குத் தெரியாமல்தான் சொல்கிறேன் என்று நான் ஒருத்திதான் நம்பிக்கொண்டிருந்தேன். டப்பா மேசைமேலேயே இருந்தது. அதில் சின்னம்மா ஊக்குகளைப் போட்டு வைத்திருந்தார்.