அம்மாவுக்காக வரைந்த மடக்கு சீட்

வரைபலகையைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடம் போனவர்களுக்குத்தான் தெரியும், பிளஸ் ஒன்னில் டிசைன் குரூப் எடுப்பது படிப்பில்லை, சுமை தூக்கும் வேலை என்று. உங்களில் யாராவது அந்தப் பாவத்தைச் செய்திருந்தால் வாங்க, சேர்ந்து புலம்புவோம். புவனகிரியிலிருந்து சிதம்பரத்துக்குப் போய் இரண்டு வருஷம் கிராபிக்ஸும் பொருள் வடிவமைப்பும் படித்தேன். படித்ததெல்லாம் கடைசியில் ஒரே ஒரு சீட்டில் போய் முடிந்தது. அதைத்தான் சொல்லப் போகிறேன்.

பலகைக்கு டிக்கெட்

காலை எட்டேகால் டவுன் பஸ்ஸில் நிற்கவே இடம் இருக்காது. அதில் நான், என் பை, கதவு மாதிரி ஒரு பலகை, கோடு போட வாள் மாதிரி ஒரு டி-ஸ்கொயர். திரும்பினால் முன்னால் நிற்பவர் முதுகில் குத்தும், திரும்பாமல் இருந்தால் பின்னால் நிற்பவர் திட்டுவார். ஒருநாள் பூக்கூடையோடு நின்ற அம்மா ஒருவர் பலகை மேலேயே கூடையை வைத்துவிட்டார். அதில் ஒட்டியிருந்த என் ஐசோமெட்ரிக் படம் முழுக்க ஈரம். அழுகையே வந்துவிட்டது. கண்டக்டர் எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “பொம்பளப் புள்ளைங்களுக்கு டிக்கெட் கெடயாது, சரி. இந்தப் பலகைக்கு யாரு பாப்பா எடுக்கறது?”

தாய்மாமன் படம்

என்ன படிக்கிறேன் என்று சொந்தக்காரர்களுக்குப் புரிய வைப்பதற்குள் உயிர் போய்விடும். திட்டக்குடி மாமா, அம்மாவின் தம்பி, ஒருவழியாகப் புரிந்துகொண்டார். “அப்ப பேனர் போடத் தெரியும்!” என்று என் சித்தி மகன் காதுகுத்துக்கு பேனர் போடும் வேலையை என் தலையில் கட்டினார். எது முக்கியமோ அதுதான் பெரிதாகத் தெரிய வேண்டும் என்று மிஸ் வகுப்பில் சொல்லிக் கொடுத்திருந்தார். குழந்தையைப் பெரிதாகவும் மாமாவை மூலையில் சின்னதாகவும் வைத்தேன். மாமா மூஞ்சி செத்துப்போனது. “தாய்மாமன்னு சபையில நிக்கப் போறது நானு. கொழந்தைக்குக் காது மட்டும் தெரிஞ்சா போதாதா?”

ஒரு ஆள், ஒரு நாள், ஒரு கஷ்டம்

பன்னிரண்டாம் வகுப்பு புராஜெக்டுக்கு மிஸ் கொடுத்த விதி இது. ஒரு ஆளை ஒரு நாள் முழுக்கப் பார்க்க வேண்டும், அவருடைய ஒரு கஷ்டத்தைத் தீர்க்க ஒரு பொருள் செய்ய வேண்டும். நான் யோசிக்கவே இல்லை. அம்மா சிதம்பரத்தில் ஒரு துணிக்கடையில் புடவை செக்‌ஷனில் நிற்கிறார். கால் நரம்பு சுருட்டிக்கொண்டு நீலமாகப் புடைத்திருக்கிறது. இப்படியே நின்றால் புண்ணாகிவிடும் என்று டாக்டர் சொல்லியாகிவிட்டது. வேலையை விட்டால் வீடு நடக்காது.

நோட்டோடு கடைக்குப் போனேன். கஸ்டமர் என்று நினைத்து எனக்கு நாற்காலி போட்டார்கள். நான் உட்கார்ந்திருந்தேன், எதிரே என் அம்மா நின்றிருந்தார். அவர் எத்தனை தடவை உட்கார்ந்தார் என்று குறிக்கத்தான் கட்டம் போட்டிருந்தேன். பத்து மணியிலிருந்து, அவர் சாப்பிடப் போன இரண்டரை வரை கட்டம் காலியாகவே இருந்தது. உட்கார இடம் தர வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. அதற்காகப் போட்ட பிளாஸ்டிக் ஸ்டூல் மேல் புடவைக் கட்டு இருந்தது. அம்மாவோடு வேலை பார்க்கும் கலா அக்கா, அந்தப் புடவைக் கட்டை நகர்த்தாமலே என் காதில் சொன்னார்: “ஒக்காந்தா கேமராவுல தெரியும்டி. ஒடனே மேலேர்ந்து போன் வரும்.”

மூலையில் ஒரு கூம்பு

மூன்று வாரம் வரைந்தேன். கவுன்ட்டர் அடியில் மாட்டும் மடக்கு சீட். இழுத்தால் உள்பக்கம், அம்மா நிற்கும் பக்கம் விரியும். பாதி உட்கார்ந்து பாதி நின்றபடி புடவையை விரித்துக் காட்டலாம். கேமராவுக்கு நிற்பது போலவே தெரியும். அம்மாவின் முழங்கால் உயரத்தைக்கூட அவர் தூங்கும்போதுதான் அளந்தேன்.

இங்கேதான் என் புத்தி கெட்டது. எங்கள் வகுப்பு முறையில், பொருளை இடப்பக்கமிருந்து பார்த்தால் தெரிவதை வலப்பக்கம் வரைய வேண்டும். இன்னொரு முறையில் இடப்பக்கம் தெரிவது இடப்பக்கமே வரும். எந்த முறை என்று காட்ட, தாளின் மூலையில் குட்டியாக ஒரு கூம்பு அடையாளம் போட வேண்டும். நான் போடவில்லை. மறந்தே போனேன். வெல்டிங் பட்டறைக்காரர் தனக்குத் தெரிந்த முறையில் படித்து, கீல், கொக்கி எல்லாவற்றையும் எதிர்ப்பக்கம் பற்றவைத்துவிட்டார். சீட் கஸ்டமர் பக்கம் விரிந்தது, கொக்கி மாறியதால் திருப்பி மாட்டவும் முடியாது. மறுநாள் காலை மாவட்டப் பள்ளிகளின் புராஜெக்ட் கண்காட்சி. நான் பட்டறை வாசலிலேயே உட்கார்ந்து அழுதேன். அவருக்கும் கோபம்தான். “நீ வரஞ்சதத்தான் செஞ்சேன். மனசுல வச்சிருந்தத நான் எப்புடி பாக்கறது?”

மஞ்சக்குப்பம்

கடலூர் மஞ்சக்குப்பம் மைதானத்தில் பந்தல் போட்டிருந்தார்கள். என் சீட்டை ஒரு மேஜையில் மாட்டி நின்றேன். வருகிற கூட்டமெல்லாம் அதில் உட்கார்ந்து போட்டோ எடுத்துக்கொண்டது. நடுவராக வந்தவர் நல்ல மனிதர்தான், பொறுமையாகக் கேட்டார். கடையில் நாள் முழுக்க நிற்கிறவர்களுக்காகச் செய்தது, திசை மாறிவிட்டது என்று உள்ளதைச் சொன்னேன். அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “நிக்கறதுதானம்மா அவுங்க வேலையே?”

உள்பக்கம்

பரிசு கொடுக்க வந்தவர் அம்மா வேலை செய்யும் கடையின் முதலாளி. நான் யார் என்று சொன்னதும், ராணியோட பொண்ணா என்று சந்தோஷப்பட்டார். சீட்டை இழுத்துப் பார்த்தார், மடக்கிப் பார்த்தார், உட்கார்ந்தும் பார்த்தார். கஸ்டமர் உட்காரலாம், பையை வைக்கலாம், இதே மாதிரி பன்னிரண்டு செய்யச் சொல் என்றார். இதைவிட்டால் வேறு நேரம் கிடைக்காது என்று கேட்டே விட்டேன்: சார், ஒன்றே ஒன்றை மட்டும் உள்பக்கம் விரிகிற மாதிரி செய்து மாட்டட்டுமா? அவர் நிஜமாகவே புரியாமல் பார்த்தார். “உள்பக்கம் எதுக்கு பாப்பா? அங்க யாரு இருக்கா?”

இப்போது கடையில் பன்னிரண்டு சீட்டும் மாட்டியாகிவிட்டது, எல்லாம் கஸ்டமர் பக்கம். போன வாரம் அம்மா வேலை முடிந்து வீட்டுக்கு வந்து, கால் இரண்டையும் சுவரில் தூக்கிச் சாய்த்துப் படுத்துக்கொண்டார். கணுக்கால் பானை போல வீங்கியிருந்தது. நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: “ஒக்கார்றவங்க எல்லாம் நல்லாருக்கு, யாரு செஞ்சதுன்னு கேக்கறாங்கடி. எம்பொண்ணுன்னு சொல்றேன். சொல்லும்போது கால்வலியே தெரியல.”

ரெக்கார்ட் நோட்டில் ‘பொருளைப் பயன்படுத்துபவர்’ என்ற இடத்தில் அம்மா பெயரைத்தான் எழுதியிருந்தேன். அதற்கு ஒன்றும் குறைக்கவில்லை, கூம்பு போட மறந்ததற்குத்தான் அரை மார்க் போனது.