ஒலிம்பிக் போனவருக்கு எறியச் சொல்லிக் கொடுத்தோம்

ஒலிம்பிக்கில் ஈட்டி எறிந்த ஒரு பெண்ணுக்கு 'எறிவது எப்படி' என்று பாடம் எடுக்க என்ன தகுதி வேண்டும்? எங்கள் பினாங்கில் ஒரு தொப்பை இருந்தால் போதும். இந்தத் தைப்பூசத்தில் கண்ணால் பார்த்துவிட்டேன்.

உங்களுக்குத் தெரியாததா? தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போகும் தேருக்கு முன்னால் நாம் தேங்காய் உடைக்கிற அழகு! ஒன்றிரண்டு இல்லை... குவியல் குவியலாக. ஓங்கி ஓங்கிச் சாலையில் அடிப்போம். மறுநாள் ஊரில் பாதி ஆண்களுக்குச் சட்டை மாட்டக் கை எழும்பாது.

என் தங்கை மாலாவின் கணவர் குணாவும் நூற்றெட்டுத் தேங்காய் உடைப்பதாக வேண்டிக்கொண்டிருந்தார். மகள் டெங்கி காய்ச்சலில் கிடந்து பிழைத்தவள். அந்த நேரத்தில் எந்த அப்பாதான் கணக்குப் பார்ப்பார்? ஆனால் மனிதருக்கு வலது தோளில் தசைநார் ஏற்கெனவே கொஞ்சம் கிழிந்திருக்கிறது. மாக் மண்டின் வட்டாரத்தில் ஒரு தொழிற்சாலையில் இரும்பு அச்சுகளைத் தூக்கி மாட்டுகிற வேலை அவருக்கு. தோள் போனால் வேலையும் போச்சு.

"அண்ணே, நீங்களாச்சும் சொல்லுங்களேன்... நான் சொன்னா காதுல போட்டுக்க மாட்டேங்கிறாரு" என்று மாலா போனில் அழுதாள்.

மனைவியின் அண்ணன் பேச்சை எந்த மனுஷன் கேட்டிருக்கிறான்? அதனால் என் பள்ளித்தோழி வசந்தியைக் கூப்பிட்டேன். ஒரு காலத்தில் ஒலிம்பிக்கில் ஈட்டி எறிந்தவள். இப்போது டாக்டர் வசந்தி. கெலுகோரில் பயோமெக்கானிக்ஸ் ஆராய்ச்சி. அதாவது, எறியும்போது உடம்பின் எந்த இடத்தில் எவ்வளவு பாரம் விழுகிறது, எது எப்போது கிழியும் என்று கேமரா வைத்து அளக்கிற வேலை. இதைவிடப் பொருத்தமான ஆள் கிடைப்பாரா?

தேர் வந்த அன்று காலை எங்கள் தண்ணீர்ப் பந்தலுக்கு வந்தாள். பந்தல் தலைவர் மைக்கைப் பிடித்தார். "தமிழினத்தின் தங்க மகள்" என்றார். (அவள் பதக்கம் எதுவும் வாங்கவில்லை. அதனால் என்ன?) சால்வை, மாலை, போட்டோ... எல்லாம் முடிந்து, "ரெண்டே வார்த்தை பேசுங்க டாக்டரம்மா" என்றார். அவள் "தோள்பட்டை..." என்று ஆரம்பித்தாள். உறுமி மேளம் முழங்கிவிட்டது. பலத்த கைதட்டல்.

"ஒரு தேங்கா ஒடைங்க டாக்டரம்மா!" என்றார் தலைவர்.

"இல்லண்ணே. தோள்ல ஆபரேஷன் பண்ணிருக்கு. நான் எறியக் கூடாது."

"அப்ப நீங்க தப்பா எறிஞ்சிருக்கீங்க லா! மூச்ச அடக்கி, கைய நல்லா பின்னால கொண்டு போவணும்" என்றார் ஒருவர். வாயில் வடை இருந்தது.

வசந்தி சிரித்துக்கொண்டாள். குணா எறிவதைப் போனில் படம் பிடித்து, மெதுவாக ஓடவிட்டு அவரிடமே காட்டினாள். "பாருங்கண்ணே, காலும் இடுப்பும் சும்மா நிக்குது. தோள் மட்டும் தனியா கஷ்டப்படுது. முன்கால ஊனி, இடுப்பத் திருப்புங்க. கை கடைசியா வந்தா போதும்."

"ஓகே டாக்டர், ஓகே" என்றார் குணா. அடுத்ததையும் அதே மாதிரிதான் அடித்தார். அதற்கடுத்ததையும். பாதிகூட முடியவில்லை, தோளைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டார். முகம் வெளுத்துப் போயிருந்தது.

"நிறுத்துங்கண்ணே! எனக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சுச்சு" என்றாள் வசந்தி. அவள் சிரிப்பு போய்விட்டது.

"பாதியில விட்டா சாமி குத்தமாயிடும்லா!" — வடைக்காரர்தான். தோள் அவருடையது இல்லையே!

குணா பல்லைக் கடித்துக்கொண்டு அடுத்த தேங்காயை எடுத்தார். மாலா அதை அவர் கையிலிருந்து பிடுங்கினாள்.

"நம்ம புள்ளைக்குத்தானே வேண்டிக்கிட்டீங்க? நான் என்ன, அவளுக்குச் சித்தியா?"

முன்காலை ஊன்றினாள். இடுப்பு திரும்பியது. கை கடைசியில் வந்தது. தேங்காய் சுக்குநூறு! அத்தனை பேரில் டாக்டர் பேச்சைக் காதில் வாங்கியது அவள் ஒருத்திதான். மீதி எல்லாவற்றையும் அவளே உடைத்தாள். கடைசிக் காய் சிதறியதும் மகளைக் கட்டிக்கொண்டு அழுதுவிட்டாள். பார்த்துக்கொண்டிருந்த எனக்கும் கண் கலங்கியது.

"பரவால்லம்மா... ஆனா கை இன்னும் கொஞ்சம் மேல வரணும்" என்றார் தலைவர்.

தோள் தப்பியது. சில நாள் ஓய்வுக்குப் பிறகு குணா வேலைக்கும் திரும்பிவிட்டார். போன ஞாயிற்றுக்கிழமை ஆயர் ஈத்தாமில் அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். கூட வேலை செய்கிற நண்பர்கள் வந்திருந்தார்கள். குணா நடுவில் உட்கார்ந்து கதை சொல்லிக்கொண்டிருந்தார்.

"ஒய்ஃபுக்கு என்னா தெரியும்? நான்தான்லா பக்கத்துல நின்னு டெக்னிக் எல்லாம் சொல்லிக் குடுத்தேன்!"

காப்பியோடு வந்த மாலா வாசலிலேயே நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். முன்காலை மெல்ல ஊன்றினாள்... நல்லவேளை, கையில் இருந்தது காப்பித் தட்டு!