மைக்கை ஆன் பண்ணச் சொன்ன மேனேஜர்

எங்கள் பழைய ப்ரொடக்‌ஷன் மேனேஜர் போய்விட்டார். ஹார்ட் அட்டாக்காம்... காலையில் கம்பெனியில் முன்பு வேலை பார்த்தவர்களும் இருக்கிற குரூப்பில் போட்டோவோடு வந்தது.

கீழே வரிசையாக ஆர்.ஐ.பி. "தங்கமான மனுஷன்", "சிரிச்ச முகம்"... யாரைச் சொல்கிறார்கள் என்று மேலே போய் இன்னொரு தடவை போட்டோவைப் பார்த்தேன். அவரேதான்.

செத்தவரைப் பற்றித் தப்பாகப் பேசக்கூடாதாம். உயிரோடு இருந்தபோது பேச விட்டாரா?

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். நான் ஆம்பூர் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் ஸ்டிச்சிங் லைனில் இருந்தவள். பக்கத்து மெஷின் ஷாஹினா. என் டிபன் பாக்ஸில் அவள் கை, அவள் டிபன் பாக்ஸில் என் கை... அப்படி ஒரு பழக்கம்.

ஒரு நாள் காலேஜிலிருந்து ஒரு பெண் ஆராய்ச்சிக்கு என்று கண்ணாடி கொண்டுவந்தாள். பார்க்க பவர் கண்ணாடி மாதிரிதான், உள்ளே கேமரா, மைக், என்னென்னவோ. தைக்கும்போது கண் எங்கே போகிறது, கழுத்து எவ்வளவு குனிகிறது என்று பார்க்க வேண்டுமாம். போட்டுக்கொள்ள என்னைப் பிடித்தார்கள்.

எதை ரெக்கார்ட் பண்ணுவது, எதை விடுவது என்று மேனேஜர் கேபினில் உட்கார்ந்து போனில் ஒவ்வொன்றாக செட் பண்ணினாள். கண்ணைப் பார்க்கும் கேமரா ஆன். கழுத்து அசைவு ஆன். முன்பக்க கேமரா ஸ்லோவாக ஓடினால் போதும், இல்லாவிட்டால் சூடாகி மத்தியானமே சார்ஜ் போய்விடும் என்றாள். லொகேஷன் ஆஃப்.

மைக்கும் ஆஃப்.

"மைக்க ஏம்மா ஆஃப் பண்ற?" என்றார் இவர்.

"எங்க ஸ்டடிக்கு சத்தம் தேவையில்ல சார். பக்கத்துல இருக்கறவங்க பேச்செல்லாம் விழும். அவங்ககிட்ட நாம பர்மிஷன் வாங்கல."

"என் லைன்ல நான் சொல்றதுதான் பர்மிஷன். எல்லாத்தையும் போடு. ரெக்கார்டிங்ல எனக்கும் ஒரு காப்பி வேணும். இல்லன்னா கண்ணாடிய எடுத்துட்டு கெளம்பு."

பாவம், அவளுக்கு ப்ராஜெக்ட் முடிய வேண்டும். போட்டுவிட்டாள்.

ரெக்கார்ட் ஆகும்போது ஃப்ரேம் ஓரத்தில் ஒரு சின்ன லைட் எரியும். அவள் போனதும் மேனேஜர் ஒரு துண்டு கறுப்புத் தோலை எடுத்து, சொல்யூஷன் தடவி, அந்த லைட் மேல் ஒட்டினார். "லைட்டப் பாத்தா பொண்ணுங்க பேஜாராவாங்க. டீ டைம்ல அதுவா ஆஃப் ஆயிடும், நீ கழட்டாத... கழட்டுனா கண்ணு செட்டிங் மறுபடி மொதல்ல இருந்து பண்ணணும்."

நம்பினேன். மேனேஜர் சொல்கிறார், நம்பாமல்?

அந்த வாரம் டீ டைமில் ஷாஹினா என் காதோரம் வந்தாள். "முழுகாம இருக்கேன்டி, ரெண்டு மாசம். பர்மனென்ட் ஆவுற வரைக்கும் மூச்சு விடாத. தெரிஞ்சா எடுத்துடுவாங்க... அவருக்கும் இப்ப தோல் டேனரில வேல இல்ல."

"என் புள்ள மேல சத்தியம், வாயத் தொறக்க மாட்டேன்" என்றேன். திறக்கவும் இல்லை.

மறுவாரம் அவளைக் கேபினுக்குக் கூப்பிட்டு வேலையை விட்டு எடுத்தார்கள். பையை எடுத்துக்கொண்டு வந்து என் மெஷின் பக்கத்தில் நின்றாள். "நீ நல்லாருப்பியாடி?" என்று மட்டும் கேட்டாள்.

யார் சொன்னது என்று அவள் உள்ளே அழுது கேட்டிருக்கிறாள். "உன் தோஸ்துதான்" என்று சொல்லியிருக்கிறார் இந்தத் தங்கமான மனுஷன்.

கேபினுக்குள் ஓடினேன். ஹெட்ஃபோனைக் கழுத்தில் போட்டுக்கொண்டு சிரித்தார்.

"நீங்க பேசறது சீரியல் மாதிரி இருக்குதும்மா. டெய்லி கேக்கறேன்."

"அவகிட்ட ஏன் சார் என் பேரச் சொன்னீங்க?"

"பின்ன, மைக்ல கேட்டேன்னா சொல்ல முடியும்? கம்பெனி பேரு இன்னா ஆவறது?"

கண்ணாடியைக் கழற்றி அவர் டேபிளில் எறிந்தேன். அன்றோடு வேலையும் போச்சு.

ஷாஹினா வீட்டுக்குப் போனேன். கதவைத் திறக்கவில்லை. அந்தக் காலேஜ் பெண்ணைக் கெஞ்சிக் கூட்டிக்கொண்டு மறுபடி போனேன், மைக் ஆனில்தான் இருந்தது என்று அவளும் சொன்னாள். "ரெண்டு பேரும் நல்லா பேசி வச்சுட்டு வந்திருக்கீங்க" என்று கதவுக்கு உள்ளேயிருந்தே குரல் வந்தது.

அந்த ஆள் வாயால் சொன்னால்தான் நம்புவாள். வேறு வழியே இல்லை.

போன வருஷம் ஆம்பூர் ஸ்டேஷனில் பார்த்தேன். குடும்பத்தோடு நின்றிருந்தார். மானத்தை விட்டு, எதிரில் போய் நின்றேன்.

"ஷாஹினாவுக்கு ஒரு போன் போடுங்க சார். மைக்ல கேட்டேன்னு ஒரு வார்த்த சொல்லுங்க. வேற ஒண்ணும் வேணாம் எனக்கு."

"இன்னாம்மா, இன்னும் அதையே புடிச்சுட்டுத் தொங்கற?" என்று சிரித்துவிட்டு மனைவி பக்கம் திரும்பினார். "நம்ம லைன்ல இருந்த பொண்ணு. நல்ல பொண்ணு."

அந்தம்மா என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். ட்ரெயின் வந்தது... ஏறிப் போய்விட்டார்.

வயிறு எரிந்து சாபம் விட்டேன், அந்த ப்ளாட்பாரத்திலேயே, நாலு பேர் கேட்கிற மாதிரி. அது பலித்ததுதான் இன்றைக்கு நடந்தது என்றால் எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் அந்த ஒரு வார்த்தையைச் சொல்லாமலே போனாரே... அதுதான் ஆத்திரம் அடங்கவில்லை.

குரூப்பில் ஷாஹினாவும் போட்டிருக்கிறாள். "அல்லா அவங்க குடும்பத்துக்கு பொறுமைய குடுக்கட்டும்."

வேலையைப் பிடுங்கின ஆளை மன்னித்துவிட்டாள். என்னை இன்னும் ப்ளாக்கில்தான் வைத்திருக்கிறாள்.

குரூப்பில் எழுதினால் அட்மின் டெலீட் பண்ணிவிடுவார். அதனால் இங்கே எழுதுகிறேன், யாராவது அவளிடம் காட்டுங்கள். அவருக்கு எல்லாரும் சேர்ந்து வாங்கிப் போடுகிற மாலையில் என் பெயரைச் சேர்க்காதீர்கள்.

ஷாஹினா... நான் சொல்லலடி. அந்த ஆள் ஒட்டுக்கேட்டார்.

சார், உங்களுக்குப் போய்ட்டு வாங்க என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

போங்க.