தண்ணீர் ஊற்றக் கூடாத கழிப்பறை

நான் முதன்முதலாக வரைந்த கேபின் ஆறு மீட்டர் நீளம், இரண்டரை மீட்டர் அகலம். ஹெலன்ஸ்பர்க் என்ற ஊரைத் தாண்டிக் காட்டுக்குள் நின்றது. கூரையில் சூரியத் தகடுகள், மழைநீருக்கு ஒரு தொட்டி, கட்டிலுக்கு எதிரே சுவரளவு கண்ணாடி. பயணிகள் வந்து தங்கிப் போன தடமே மண்ணில் இருக்கக் கூடாது என்பது காணிக்காரியின் நிபந்தனை. அவர் ஒரு வெள்ளைக்கார அம்மா. கீழே ஓடையில் தவளைகள் இருக்கின்றன, ஒரு சொட்டு அழுக்கு அங்கே போனாலும் இடம் தரமாட்டேன் என்று சொல்லியிருந்தார்.

எனக்கு எல்லாவற்றுக்கும் பயம். கிளை முறிந்து கூரையில் விழுமா, கண்ணாடியில் பறவை மோதிச் சாகுமா, காட்டுத்தீ வந்தால் கதவு வெளிப்பக்கம் திறக்குமா என்று ஓயாமல் யோசிப்பேன். நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். படித்தவன் பிழை விட்டால் அது பிழை. நான் விட்டால் அது என் படிப்பு.

முதலாளி படித்தவர். இந்த நாட்டுக்கு மாணவராக வந்து எஞ்சினியராகி, கேபின் செய்யும் தொழிற்கூடம் வைத்தவர். நான் அங்கே பலகை அறுக்கப் போனவன். அதற்கு முன் ஆறு வருடம் கோழி ஃபாக்டரியின் குளிரறையில் நின்றவன். ஒருநாள் மத்தியானச் சாப்பாட்டு நேரம் ஒட்டுப்பலகைத் துண்டில் நான் கீறிய படத்தைப் பேசாமல் எடுத்துக்கொண்டு போனார். அதுதான் அந்தக் கேபின். அன்றிலிருந்து மற்ற வேலையாட்களுக்கு முன்னால் என்னை எஞ்சினியர் ஐயா என்றுதான் கூப்பிடுவார்.

"எஞ்சினியர் ஐயா, காணிக்காரி ஞாயிற்றுக்கிழமை பாக்க வாறா. பிடிச்சால் இன்னும் அஞ்சு கேபின். நீர் அறுக்கிற வாளை வைச்சிட்டு மேசையில இருந்து கீறலாம்."

"பிடிக்காட்டி அண்ணை?"

"பிடிக்காட்டி என்ன, கோழியள் உம்மைக் காணேல்லை எண்டு அழுதுகொண்டு நிக்குதுகள்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

கழிப்பறையை நினைத்துத்தான் அதிகம் பயந்தேன். அது தண்ணீர் பாவிக்காத வகை. போனவர் கடுதாசியால் துடைத்து, ஒரு கோப்பை மரத்தூளைப் போட்டு மூட வேண்டும். கீழே பெட்டிக்குள் கிடந்து காய்ந்து, மாதக் கணக்கில் அது உரமாகும். அப்படிப்பட்ட பெட்டியின் அடியில் ஈரம் வடிய ஒரு குழாய் வைப்பது வழக்கம். ஓடையை நினைத்து அந்தக் குழாயை நான் அடைத்துவிட்டேன். ஈரத்தை மரத்தூளே குடித்துவிடும் என்று கணக்குப் போட்டேன்.

அதோடும் பயம் விடவில்லை. ஆட்கள் வருவதற்கு முன் ஒரு கிழமை, ஏழு நாளும், நானே அங்கே தங்கிப் பார்த்தேன். எங்கே ஒழுகுகிறது, எந்தக் கதவு இறுகுகிறது என்று எல்லாவற்றையும் கொப்பியில் எழுதினேன். கழிப்பறைக்கு நேரே 'நல்லம்' என்று எழுதினேன்.

சனிக்கிழமை முதலாளி, பதினாறு வயது மகள், மாமியார் மூவரும் கோயிலுக்குப் போய்விட்டு, ஓரிரவு தங்கிப் பார்க்க வந்தார்கள். வந்ததும் மாமியாரைக் கழிப்பறை வாசலில் நிறுத்தி முதலாளி பாடம் எடுத்தார்.

"மாமி, இதுக்குத் தண்ணி ஊத்தப்படாது. பேப்பர், பிறகு மரத்தூள். விளங்கினதோ?"

"ஓம் மருமகன்."

"திருப்பிச் சொல்லுங்கோ பாப்பம்."

அந்த மனுசி, பேத்தி பார்த்துக்கொண்டு நிற்க, பேப்பர், மரத்தூள் என்று திருப்பிச் சொன்னார். பிறகு வெளியே வந்து கோயில் புளிச்சாதத்தை எனக்கும் ஒரு தட்டில் போட்டுத் தந்தார்.

"தம்பி, இது நீர் கீறினதாமே? மருமகன் தான் கீறினது எண்டல்லோ எங்களுக்குச் சொன்னவர். நல்ல வடிவாயிருக்கு."

அதை வாய்விட்டுச் சொன்ன ஒரே ஆள், நான் அன்ரி என்று கூப்பிடும் அந்த மாமியார்தான்.

ஞாயிறு காலை நான் போய்ச் சேர்ந்தபோது மகள் மூக்கைப் பொத்திக்கொண்டு காருக்குள் இருந்தாள். "டாட், இட்ஸ் டிஸ்கஸ்டிங்!" கழிப்பறைப் பெட்டி நிரம்பி, விளிம்பால் தரையில் வழிந்திருந்தது. காணிக்காரி வர ஒரு மணித்தியாலம் இருந்தது.

"எட்டாம் வகுப்பு! அள்ளு!"

முதலாளி எறிந்த ஐஸ்கிரீம் டப்பா ஒன்று என் காலடியில் வந்து விழுந்தது. கையுறை இருக்கிறதா என்று கேட்டேன்.

"கோழிக்குப் போட்டனீர்தானே, அதைக் கொண்டு வரேல்லையோ?"

மடக்குக் கதிரையை விரித்து, காற்று வரும் பக்கமாகப் போட்டு உட்கார்ந்து, கோப்பி குடித்தபடி நான் அள்ளுவதைப் பார்த்தார். இரண்டு லீட்டர் டப்பாவால் பத்துத் தரம் அள்ளி வாளிகளில் ஊற்றினேன். இருபது லீட்டர். மூன்று பேர் ஒரே இரவில் இவ்வளவு ஊற்ற முடியாதே என்று எண்ணும்போதுதான் அடித்தண்ணீரில் புழு நெளிவதைக் கண்டேன். அது பழைய தண்ணீர்.

அது நான் ஊற்றியது. அந்தக் கிழமை முழுக்க ஒவ்வொரு நாளும் தண்ணீர்ப் போத்தலோடுதான் உள்ளே போயிருக்கிறேன். நடக்கத் தெரிந்த நாளிலிருந்து அப்படித்தான் போகிறேன். கை தானாக எடுத்திருக்கிறது. கூரையில் விழாத கிளைக்கெல்லாம் பயந்தவனுக்கு அது கொப்பியில் எழுதுகிற விஷயமாகவே தோன்றவில்லை. கடைசி நாள் மேலே நிறைய மரத்தூளைக் கொட்டி மூடிவிட்டும் வந்திருக்கிறேன். வடிந்திருக்க வேண்டிய குழாயை அடைத்ததும் நான்தான்.

காணிக்காரியின் கார் வந்து நின்றது. இறங்கிய உடனே கெட்ட மணத்தைப் பிடித்துவிட்டார். என்ன நடந்தது என்று கேட்டார். முதலாளி எழும்பி, எல்லோருக்கும் கேட்க என்னைப் பார்த்துச் சொன்னார்.

"சொல்லும் எஞ்சினியர் ஐயா. ஆர் தண்ணி ஊத்தினது?"

கேபின் படியடியில் அன்ரி நின்றார். கையில் ஒரு சின்னப் போத்தல். அதைச் சேலைக்குப் பின்னால் மறைத்ததை நான் பார்த்தேன்.

"அன்ரிதான்" என்றேன். காணிக்காரிக்கும் விளங்க வேண்டும் என்று, எனக்குத் தெரிந்த இங்கிலீஷில், வயதான மனுசி, சொன்னது விளங்கவில்லை என்றும் சேர்த்துச் சொன்னேன்.

"ஒரு போத்தில்தான் தம்பி..." என்றார் அன்ரி.

"இல்லை அன்ரி. இருபது லீட்டர். நான் அளந்தனான்."

முதலாளி விழுந்து விழுந்து சிரித்தார். "காட்டையே கழுவிப்போட்டா என்ர மாமி!" அதை இங்கிலீஷிலும் சொன்னார். மகள் கார்க் கண்ணாடியை இறக்கிச் சிரித்தாள். காணிக்காரியும் புன்னகைத்து, உள்ளே போய்ச் சுற்றிப் பார்த்து, கேபினில் குறை இல்லை, ஒரு அறிவிப்பு எழுதி மாட்டினால் போதும் என்றார். ஐந்துக்கும் அங்கேயே சம்மதம் சொன்னார்.

இப்போது நான் மேசையில் இருந்து கீறுகிறேன். ஐந்து கேபின்களிலும் பெட்டியின் அடிக்குழாய் திறந்து, மூடிய பீப்பாய் ஒன்றுக்குள் இறங்குகிறது. ஏன் இந்தப் புதுக் குழாய் என்று முதலாளி கேட்டார். அன்ரி மாதிரி ஆட்களும் வருவார்கள்தானே என்றேன். நல்ல யோசனை என்று முதுகில் தட்டினார்.

படங்களைக் காட்ட டூங்கபியில் இருக்கும் அவர் வீட்டுக்குப் போவேன். இப்போதெல்லாம் எங்காவது வெளியே தங்கப் போவதென்றால் மாமி முதல்நாளே சாப்பாட்டை நிறுத்திவிடுகிறா என்று முதலாளி பகிடியாகச் சொல்வார். போன கிழமை அன்ரி தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தார். முதலாளி ஃபோன் பேச வெளியே போகும்வரை சமையல் குசினி வாசலிலேயே நின்றார். பிறகு கிட்ட வந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"தம்பி, உண்மையாய் இருபது லீட்டரோ?"

"ஓம் அன்ரி" என்றேன்.